பைகேம்: படகு கல்லுக்குள் புகுந்துவிடுகிறது, மோதல் சரியாக வேலை செய்யவில்லை (அவசரம்)

கெடிலக்கரை:
அனைவருக்கும் வணக்கம். கல்லூரிச் செய்முறைப் பணிக்காகப் பைகேமில் (பைத்தான் மொழியில் விளையாட்டு எழுத உதவும் நிரல் தொகுப்பு) ஒரு சிறு விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். கடலூர் முதுநகர்த் துறைமுகத்துக்கு வரும் விசைப்படகு, முகத்துவாரத்தின் இருபுறமும் கொட்டிக் கிடக்கும் கற்களில் இடிக்காமல் உள்ளே நுழைய வேண்டும் என்பதுதான் ஆட்டம். படகுக்கு ஒரு கிளாஸ் (ஒரு பொருளின் தன்மைகளையும் செயல்களையும் சேர்த்து எழுதும் நிரல் பகுதி), கல்லுக்கு ஒரு கிளாஸ் வைத்திருக்கிறேன். இடித்தால் படகு பின்வாங்க வேண்டும். ஆனால் சில இடங்களில் கல்லே இல்லாததுபோல் ஊடுருவிப் போகிறது, சில இடங்களில் கல்லோடு ஒட்டிக்கொண்டு நடுங்குகிறது. வெள்ளிக்கிழமை காட்டியாக வேண்டும். உதவுங்கள்.

வில்லியனூர்வாசி:
நிரலைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? மோதலை ரெக்ட் (பொருளைச் சுற்றிய செவ்வகம்) கொண்டு சோதிக்கிறீர்களா, மாஸ்க் (படத்தின் உண்மையான வடிவம்) கொண்டு சோதிக்கிறீர்களா? வேகம் என்ன, கல்லின் அளவு என்ன, நொடிக்கு எத்தனை பிரேம் (திரையில் வரையப்படும் படம்)? இன்னொன்றும் கேட்கிறேன்: படகு வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் சற்று வேகமாகப் போகிறதா?

தேங்காய்த்திட்டு:
இது வேகத்தால் வரும் கோளாறுதான், வேறொன்றும் இல்லை. ஒரு பிரேமில் கல்லுக்கு முன்னால் இருக்கும் படகு அடுத்த பிரேமில் கல்லைத் தாண்டி நின்றால், இடையில் மோதியதை யாரும் பார்க்கவே இல்லை என்று பொருள். என் துப்பாக்கிச் சுடும் ஆட்டத்தில் குண்டுகள் சுவரைத் துளைத்துக்கொண்டு போனது இதனால்தான். நகர்வைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து ஒவ்வொரு படியிலும் சோதியுங்கள்.

மூத்தநிரலர்:
இந்தக் கேள்வி மாதத்துக்கு இரண்டு முறையாவது வருகிறது. தம்பி, கிளாஸ் என்ற சொல்லை இரண்டு இடத்தில் எழுதிவிட்டால் அது பொருள்சார் நிரலாக்கம் ஆகிவிடாது. எந்தப் பொருளுக்கு எந்தப் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு வாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

கெடிலக்கரை:
மன்னிக்கவும், பேருந்தில் இருக்கிறேன், இப்போதுதான் தவளக்குப்பம் தாண்டியது. நிரல் வீட்டுக் கணினியில் இருக்கிறது. ரெக்ட்தான். நொடிக்கு 60 பிரேம். படகின் உச்ச வேகம் பிரேமுக்கு 10 பிக்சல். நீரின் இழுவைக்காக ஒவ்வொரு பிரேமிலும் வேகத்தை 0.9 ஆல் பெருக்குகிறேன். கல் 32 பிக்சல் சதுரம். வில்லியனூர் அண்ணா, இடப்பக்கம் வேகமாகப் போவது உண்மைதான், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

வில்லியனூர்வாசி:
பைகேமின் ரெக்ட் முழு எண்ணை மட்டுமே வைத்துக்கொள்ளும், பின்னத்தை வெட்டிவிடும். 100இல் நிற்கும் படகோடு 0.9 கூட்டினால் 100.9 வெட்டுப்பட்டு 100 ஆகிவிடும், படகு அசையாது, 0.9 கழித்தால் 99.1 வெட்டுப்பட்டு 99 ஆகி, ஒரு பிக்சல் முழுதாக நகர்ந்துவிடும். இருப்பிடத்தைத் தனி மாறியில் பின்னத்தோடு வைத்துக்கொண்டு, அதிலிருந்து ரெக்டுக்குக் கொடுங்கள்.

தேவனாம்பட்டினம்:
10 பிக்சல் நகரும் படகு 32 பிக்சல் கல்லை ஒரே தாவில் தாண்ட முடியாது. ஆகவே குண்டு உவமை இங்கே பொருந்தாது. எனக்கு வேறோர் ஐயம். மோதினால் திசையைத் திருப்ப வேகத்தைக் கழித்தல் ஒன்றால் பெருக்குகிறீர்கள் அல்லவா? அந்த வரி படகின் அப்டேட்டில் (ஒவ்வொரு பிரேமிலும் ஓடும் பகுதி) மட்டும் இருக்கிறதா, கல்லின் அப்டேட்டிலும் இருக்கிறதா?

கெடிலக்கரை:
இரண்டிலும் இருக்கிறது. மோதியது படகுக்கும் தெரிய வேண்டும், கல்லுக்கும் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். கற்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் படகின் லூப், மோதிய முதல் கல்லைக் கண்டதும் பிரேக் ஆகி நின்றுவிடும்.

தேவனாம்பட்டினம்:
அதுதான். ஒரே கல்லில் மோதும்போது படகு ஒரு முறை திருப்புகிறது, கல் மறுமுறை திருப்புகிறது, இரட்டைப்படை என்பதால் வேகம் பழையபடியே ஆகி உள்ளே போய்விடுகிறது. இரண்டு கற்கள் சேரும் இடத்தில் படகு ஒன்று, கற்கள் இரண்டு என்று மூன்று முறை திரும்புவதால் மட்டுமே உண்மையில் திரும்புகிறது. அங்கேதான் நடுக்கமும் தொடங்குகிறது: விளிம்பைத் தொட்டு நின்ற படகு 10 பிக்சல் உள்ளே போய்த் திரும்பினால், இழுவையால் 9 பிக்சல்தான் வெளியே வரும்; மிச்சமுள்ள ஒரு பிக்சல் அடுத்த பிரேமிலும் மோதலாகக் கணக்காகி, படகை மறுபடி உள்ளே தள்ளும்.

கல்லின் அப்டேட்டிலுள்ள சோதனையை நீக்கிவிடுங்கள். முதலில் கிடையாக மட்டும் நகர்த்துங்கள்; மோதினால் படகின் வலது விளிம்பைக் கல்லின் இடது விளிம்பில் வையுங்கள் (எதிர்த்திசைக்கு எதிர்மாறாக), அதன் பிறகு வேகத்தைத் திருப்புங்கள். பிறகு நெடுக்காக நகர்த்தி அதையே செய்யுங்கள். விளிம்புகள் தொட்டுக்கொண்டிருப்பதை ரெக்ட் மோதலாகக் கொள்வதில்லை என்பதால் ஒட்டாது.

மூத்தநிரலர்:
சோதனையைப் படகுக்குள் வைப்பதும் தவறே. 'மோதும் பொருள்' என்று ஒரு தாய் கிளாஸ் எழுதி, படகும் கல்லும் அதிலிருந்து பிறக்க வேண்டும். நாளை மிதவையும் வலையும் வந்தால் என்ன செய்வீர்கள்?

வில்லியனூர்வாசி:
அசையாத கல்லுக்குத் தாய் எதற்கு ஐயா? ஆட்டத்தின் முதன்மைக் கிளாஸில் ஒரே ஒரு ஃபங்ஷன் (செயற்கூறு) போதும்.

மூத்தநிரலர்:
அந்த ஒரே ஃபங்ஷன் ஆறு மாதத்தில் நூறு 'இஃப்' நிபந்தனைகள் கொண்டதாக வளர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தேவனாம்பட்டினம்:
மோதியதா என்று பார்ப்பது ஓரிடத்தில் இருக்கட்டும், மோதினால் என்ன ஆகும் என்பதை அந்தந்தக் கிளாஸ் சொல்லட்டும். அவருக்கு வெள்ளிக்கிழமை வரைதான் நேரம் இருக்கிறது.

மூத்தநிரலர்:
நான் சொன்னதும் அதைத்தான்.

கெடிலக்கரை:
கல்லிலிருந்த வரியை நீக்கி, விளிம்பில் வைத்தேன்; ஊடுருவலும் இல்லை, நடுக்கமும் இல்லை. அனைவருக்கும் மிக்க நன்றி. இடப்பக்க வேகத்தை மட்டும் தொடவில்லை. அது நீரோட்டம் என்று ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிட்டேன்.

தேங்காய்த்திட்டு:
நீரோட்டம் என்றால் எஞ்சினை நிறுத்தினாலும் படகை இழுக்க வேண்டுமே, உங்கள் படகு அப்போது நகர்கிறதா?