வால் வைத்த மீன்

முதலில் ஆடிய ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாகவே மாறி, சண்டை போட்டுப் பலம் ஏற்றிக் கதையை நகர்த்தும் வீடியோ கேம், எது என்று கேட்டால் எல்லாரும் போக்கிமானில் தொடங்கியதாகச் சொல்கிறீர்கள். என் முதல் ஆர்பிஜி, ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாத ஜப்பான் கேசட்.

1997, ராயபுரம். வீட்டில் பர்மா பஜாரில் வாங்கிய டிவி கேம் பெட்டி. அது ஜப்பானின் ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல் என்று அப்போது தெரியாது. கப்பலில் வேலை பார்த்த மாமா ஏதோ துறைமுகத்தில் பழைய சாமான் கடையில் வாங்கி வந்த கேசட், அதில் கச்சிதமாக உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான். எனிக்ஸ் என்ற ஜப்பான் நிறுவனம் 1986இல் வெளியிட்ட முதல் டிராகன் குவெஸ்ட் ஆட்டம் அது.

போட்டதும் ஒரு ராஜா ஏதோ நீளமாகப் பேசினார். அதுவரை எனக்குத் தெரிந்த ஆட்டமெல்லாம் மரியோவும் கான்ட்ராவும்தான். வலது பக்கம் ஓடு, குதி, சுடு. இங்கே வலது பக்கம் சுவர். பட்டனை அழுத்தினால் குதிக்கவில்லை, எட்டு வரி கொண்ட ஒரு கட்டம் திறந்தது. அறையில் மூன்று பெட்டிகள், பூட்டிய கதவு ஒன்று. பெட்டி மேல் ஏறி நின்றால் போதாது, கட்டத்தில் ‘எடு’ என்பதற்கான வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கதவுக்கு ஒரு வரி, படியில் இறங்கக்கூட ஒரு வரி. யாரிடமாவது பேச வேண்டுமென்றால் எந்தத் திசையில் நிற்கிறவரிடம் என்றும் சொல்லியாக வேண்டும். இதையெல்லாம் குருட்டாம்போக்கில் கண்டுபிடித்து அந்த ஓர் அறையை விட்டு வெளியே வர எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. சிரித்துக்கொண்டே வரும் நீலச் சொட்டு மாதிரிப் பூதம் ஒன்றிடம் வெறுங்கையோடு சண்டை போட்டுச் செத்தேன். அந்தப் பூதங்களை வரைந்தவர் டிராகன் பால் காமிக்ஸ் புகழ் அகிரா டோரியாமா. அன்றைக்கு யார் வரைந்திருந்தால் எனக்கென்ன! செத்தால் மறுபடி ராஜா முன்னால்தான் கண் விழிப்போம், பாதிக் காசு போயிருக்கும்.

கோட்டையை விட்டு வெளியே வந்தால், தண்ணீருக்கு அந்தப் பக்கம் கடைசி வில்லனின் கோட்டை அப்போதே தெரியும். காசிமேட்டில் நின்றால் நங்கூரம் போட்ட கப்பல் தெரிகிற மாதிரி. ஆனால் அங்கே போக உலகத்தையே சுற்ற வேண்டும். ஒவ்வொரு பாலம் தாண்டும்போதும் இன்னும் பலமான பூதம் வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கேசட்டில் ஆட்டத்தைச் சேமிக்க பேட்டரி கிடையாது. திரும்பி நடந்து ராஜாவிடம் போனால் அவர் இருபது எழுத்து கொண்ட ஒரு மந்திரம் தருவார். நம் பெயர், காசு, அனுபவப் புள்ளி, பொருள்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். அடுத்த முறை அதைத் தப்பில்லாமல் உள்ளிட வேண்டும். போகும் வழியில் கரண்ட் போனால் அன்றைய உழைப்பு அம்போ.

ரஃப் நோட்டில் படம் வரைவது மாதிரி எழுதி வைத்தேன். மறுநாள் போட்டால் ஏற்கவில்லை. மூன்று நாள் இப்படியே. நான் ஆட்டத்தின் மேல் பழி போட்டேன். மார்கழி முழுக்கத் தெரு வாசலில் கோலம் போடுகிற அக்கா எட்டிப் பார்த்தாள்.

“டேய், அந்த எழுத்து தலைல ரெண்டு புள்ளி கீதுடா. நீ எழுதவே இல்ல.”

நான் அதை டிவியின் கொசுப்புள்ளி என்று நினைத்திருந்தேன். கோலம் போடுகிறவளுக்குப் புள்ளி தப்புமா?

அன்றிலிருந்து எழுதுவது அக்கா, ஆடுவது நான். எழுத்துகளுக்கு அவளே பெயர் வைத்தாள். மூணு, சுழிச்ச மூணு, மீன், வால் வைத்த மீன். நான் நோட்டைப் பார்த்து “சுழிச்ச மூணு, மேல புள்ளி இல்ல” என்று கத்த, அவள் பட்டனைத் தட்டுவாள். ஏற்றுக்கொண்டு ராஜா வந்து நின்றால், அடுப்படியிலிருந்து அம்மா திட்டும் அளவுக்குச் சத்தம். உண்மையைச் சொன்னால் சண்டையைவிட எனக்கு அந்த நிமிடம்தான் பிடித்திருந்தது.

ஆட்டத்தை முடிக்கவில்லை. இரண்டாவது பாலத்துக்கு அப்புறம் வந்தவர்கள் என்னைத் தாண்ட விடவில்லை. ஒரு மழைக்காலத்தில் அடாப்டர் புகைந்தது, அப்புறம் பத்தாம் வகுப்பு.

2014இல் போனில் ஆங்கிலத்தில் வந்தபோது வாங்கினேன். இதில் படியில் கால் வைத்தாலே இறங்குகிறது, மந்திரமும் கிடையாது. ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன். அப்புறம் சும்மா இருக்க முடியாமல் ஜப்பான் எழுத்துப் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். முதல் வரி அ, இ, உ, எ, ஒ. அட, நம்ம உயிரெழுத்து வரிசையேதான். ராத்திரி பத்து மணிக்கு அக்காவுக்குப் போன் போட்டேன்.

“மீன் பேரு ‘மே’க்கா. வால் வைத்தது ‘நு’.”

“அதுக்கு மீனே நல்லாருந்துச்சுடா” என்றாள்.