பழைய பொக்லைனில் 100-4, 102-4, 3509-4 என்ற கோளாறு கோடுகள் (எர்ரர் கோட்) ஒன்றாக வருகின்றன, எந்த சென்சாரை மாற்றுவது?

கல்லல் பொக்லைன்:

வணக்கம். 20 டன் பொக்லைன் ஒன்று செகண்ட் ஹேண்டில் எடுத்திருக்கிறோம், காமன் ரெயில் எஞ்சின், மீட்டரில் 8,000 மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. தேவகோட்டைப் பக்கம் கண்மாய் தூர்வாரும் வேலை, மழைக்கு முன்னால் முடித்துக் கொடுக்க வேண்டும். காலையில் நன்றாகத்தான் ஓடுகிறது. வெயில் ஏறினதும் மஞ்சள் விளக்கு எரிந்து எஞ்சின் வேகம் தானாகக் குறைந்துவிடுகிறது, பக்கெட் நிறைய மண்ணோடு தூக்கினால் திணறுகிறது. திரையில் 100-4, 102-4 இரண்டும் சேர்ந்து வருகின்றன, அதற்குக் கீழே 3509-4. சில நேரம் தனியாக 157-18. பார்க்க வந்த மெக்கானிக் ஆயில் பிரஷர் சென்சார் போய்விட்டது என்று புதிது போட்டார், கோடு அப்படியே இருக்கிறது. இப்போது பூஸ்ட் சென்சார், ரெயில் சென்சார் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். 3509 பொதுவாக வருகிற கோடுதான், கண்டுகொள்ள வேண்டாம் என்கிறார். இரண்டையும் வாங்கிப் போட்டும் போகவில்லை என்றால் என்ன செய்வது? விவரம் தெரிந்த அண்ணன்மார்கள் சொல்லுங்கள்.

காரைக்குடி ஆட்டோ எலக்ட்ரிக்கல்:

தம்பி, எதையும் வாங்காதீர்கள், கண்டுகொள்ள வேண்டாம் என்று சொன்ன அந்த 3509தான் முக்கியமான கோடு. முதல் எண் எந்த இடம் என்று சொல்லும்: 100 ஆயில் பிரஷர், 102 டர்போ பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளுகிற காற்றின் பிரஷர்), 157 ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கிற பொதுக் குழாயின் பிரஷர்). இரண்டாவது எண்தான் என்ன கோளாறு என்று சொல்லும், அதை யாரும் படிப்பதில்லை. 3 என்றால் வோல்டேஜ் அதிகம், 4 என்றால் வோல்டேஜ் குறைவு அல்லது எங்கோ எர்த் ஆகிறது, 5 என்றால் கரண்ட் குறைவு அல்லது லைன் அறுந்திருக்கிறது, 2 என்றால் ரீடிங் தாறுமாறாக வருகிறது. இவை பெரும்பாலும் கரண்ட் பக்கத்துக் கோளாறு. 1, 18 வந்தால் பெரும்பாலும் சென்சார் சரியாகத்தான் சொல்கிறது, அங்கே பிரஷர் நிஜமாகவே குறைவு. உங்கள் 157-18 அந்த வகை, அதற்கு ரெயில் சென்சாரை மாற்றுவது காசுக்குப் பிடித்த கேடு.

3509 என்பது இசிஎம், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர், சென்சார்களுக்குக் கொடுக்கிற 5 வோல்ட் சப்ளை. மூன்று ஒயர் உள்ள பிரஷர் சென்சார்கள் பல ஒரே 5 வோல்ட் லைனில்தான் தொங்கும். ஒரே மேல்நிலைத் தொட்டியிலிருந்து நாலு வீட்டுக்குக் குழாய் போகிறபோது ஒரு வீட்டில் குழாய் உடைந்தால் நாலு வீட்டுக்கும் தண்ணீர் வராதே, அதுதான் இங்கே நடக்கிறது.

இப்படிப் பாருங்கள். கோடு வந்து நிற்கிற நேரத்திலேயே, சூட்டோடு, சாவியை ஆன் பண்ணி எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் ஆயில் சென்சார் கப்ளரை (ஒயர் சொருகுகிற பிளக்கை) கழற்றி, சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். டெஸ்ட் லேம்ப் வேண்டவே வேண்டாம், அது இழுக்கிற கரண்டில் இசிஎம் போய்விடலாம். 5 வோல்ட் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் மீட்டரை அப்படியே விட்டுவிட்டு அதே லைனில் உள்ள மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றினதும் 5 வோல்ட் ஏறுகிறதோ அந்த சென்சார்தான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் ஏறவில்லை என்றால் ஒயரிங். அப்போது ஒயரிங் கட்டை (ஒயர்க் கொத்தை) இடம் இடமாகப் பிடித்து ஆட்டுங்கள், மீட்டர் எங்கே குதிக்கிறது என்று தெரிந்துவிடும்.

இந்தப் பக்கம் வண்டிகளை மாசக்கணக்கில் கருவைக்குள் நிறுத்திவிடுகிறார்கள், எலி ஒயரைக் கடித்து வைத்திருக்கும். அதோடு விற்பதற்கு முன்னால் பளபளப்பாக வாட்டர் சர்வீஸ் அடித்துக் கொடுப்பார்கள், கப்ளருக்குள் தண்ணீர் இறங்கிப் பின்னெல்லாம் பச்சை பூத்திருக்கும். இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

கானாடுகாத்தான் ஆபரேட்டர்:

எங்கள் வண்டியில் ஆயில் சென்சார் கோடு வந்தபோது கப்ளரில் ஒரு ரெசிஸ்டர் வைத்துக் கட்டிவிட்டார்கள். விளக்கு எரியவில்லை, வேலையும் நிற்கவில்லை. சீசன் முடியும் வரை அப்படி ஓட்டலாமே?

திருமயம் கிரஷர்:

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆயில் பிரஷர் நிஜமாகவே இறங்கினால் எஞ்சினைக் காப்பாற்ற இருக்கிற முக்கியமான காவல் அந்த சென்சார். அதை ஏமாற்றிவிட்டால் பேரிங் கடித்து கிராங்க் போகும்வரை யாருக்கும் தெரியாது. எஞ்சின் வேலைக்கு ஆகிற செலவு முன்னால் சென்சார் விலை ஒன்றுமே இல்லை.

கல்லல் தம்பிக்கும் அதே காரணத்துக்காகச் சொல்கிறேன். 100-4 கரண்ட் கோளாறு என்பது சரி, ஆனால் அந்தக் கோடு நிற்கும்போது நிஜமான பிரஷர் எவ்வளவு என்று இசிஎம்முக்கே தெரியாது. அதனால் ஒயரிங் பார்க்கும் முன்பே சென்சார் துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறின பிறகு ஐடிலிலும் முழு வேகத்திலும் பிரஷரைப் பாருங்கள், வண்டியின் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். பழைய வண்டி என்பதால் இதை விடக் கூடாது.

இன்னொன்று, பக்கெட்டிலோ பூமிலோ வெல்டிங் அடித்த தடம் இருக்கிறதா? வெல்டிங் அடிக்கும்போது பேட்டரியையும் இசிஎம் கப்ளரையும் கழற்றாமல் அடித்தால் இசிஎம் பழுதாகலாம். எர்த் கிளிப்பையும் வெல்டிங் அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். ஒயரிங், சென்சார் எல்லாம் சரியாக இருந்தும் 5 வோல்ட் வரவில்லை என்றால் இதை யோசியுங்கள், ஆனால் அது கடைசியில்தான்.

வாங்கப் போகிறவர்களும் கவனியுங்கள். சாவி ஆன் பண்ணும்போது எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒரு தடவை எரிந்து அணைய வேண்டும், எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். பழைய கோடுகளின் பதிவையும் ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு மணி நேரம் ஓடின வண்டியில் பதிவு சுத்தமாகக் காலியாக இருந்தால், காட்டுவதற்கு முன்னால் அழித்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

கல்லல் பொக்லைன்:

அண்ணே, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. முதலில் கேஜ் மாட்டினோம், ஐடிலிலும் முழு வேகத்திலும் பிரஷர் மேனுவல் அளவுக்குள் இருக்கிறது, அதுவே பெரிய நிம்மதி. அப்புறம் மத்தியானம் கோடு வந்த நேரத்தில் மீட்டர் வைத்தேன், 5 வோல்ட்டுக்குப் பதிலாக 1.4தான் காட்டியது. எல்லா சென்சாரையும் கழற்றியும் ஏறவில்லை. ஒயரிங் கட்டை ஆட்டிக்கொண்டே போனதில் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலே ஒரு பிராக்கெட் பக்கத்தில் மீட்டர் 5க்குக் குதித்தது. டேப்பைப் பிரித்துப் பார்த்தால் ஒயர் பிராக்கெட்டில் உரசி உறை போய்ச் செம்பு தெரிகிறது, கட்டைத் தாங்கும் கிளிப்பே அங்கே இல்லை. ஒயரைச் சரிசெய்து, மேலே உறை போட்டு, வேறு கிளிப்பில் கட்டிவிட்டேன். 100, 102, 3509 மூன்றும் திரும்ப வரவில்லை. கழற்றிய பழைய ஆயில் சென்சாரைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். 157-18 மட்டும் பாரம் தூக்கும்போது இன்னும் வருகிறது.

காரைக்குடி ஆட்டோ எலக்ட்ரிக்கல்:

நல்லது தம்பி. இனி டீசல் வழியைப் பாருங்கள். வாட்டர் செப்பரேட்டரில் உள்ள தண்ணீரை வடித்துவிட்டு இரண்டு பில்டரையும் மாற்றுங்கள். புது பில்டருக்குள் கேனில் இருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டாதீர்கள், தூசி நேராகப் பம்ப்புக்குப் போய்விடும், ஹேண்ட் பிரைமரால் அடித்தே நிரப்புங்கள். கண்மாயில் பேரலிலிருந்து டீசல் ஊற்றுகிறார்கள் என்றால் டேங்க்குக்குள் இருக்கிற வடிகட்டியையும் கழற்றிக் கழுவுங்கள், அடியில் செம்மண் படிந்திருக்கும். அதற்குப் பிறகும் வந்தால், டேங்க்கிலிருந்து பம்ப்புக்குப் போகும் லைனில் ஒரு துண்டு கண்ணாடி ஹோஸ் மாட்டி ஓட்டிப் பாருங்கள். குமிழி தெரிந்தால் எங்கோ ஏர் எடுக்கிறது, ஹோஸ் கிளிப்பையும் வாஷரையும் மாற்ற வேண்டும். குமிழி இல்லாமலும் கோடு வந்தால் அப்போது பம்ப், இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவு (இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வருகிற டீசல் அளவு) பார்க்கலாம், அதற்கு ஸ்கேனரோடு நேரில் வர வேண்டும். பில்டர் மாற்றிவிட்டு என்ன ஆச்சு என்று எழுதுங்கள்.