மீட்டர் முதலில் வேண்டுமா, தண்ணீர் முதலில் வேண்டுமா? சென்னைக் குடிநீர்க் கட்டணம்: விவாத இழை

மூன்றாம்மாடி
எங்கள் அடுக்ககச் சங்கக் கூட்டம் நேற்று கைகலப்பில் முடியாமல் போனது முருகன் செயல். 24 வீடுகள். லாரித் தண்ணீருக்கு மட்டும் வீட்டுக்கு மாதம் 900 ரூபாய் வசூலிக்கிறோம். 12,000 லிட்டர் லாரி 1,800 ரூபாய். கிலோலிட்டருக்கு, அதாவது ஆயிரம் லிட்டருக்கு, 150 ரூபாய் ஆகிறது. இதை முணுமுணுக்காமல் கட்டுகிறவர்கள், 'குடிநீர் வாரியம் எல்லா வீட்டுக்கும் மீட்டர் வைத்து அளந்து பணம் வாங்கட்டும்' என்று நான் சொன்னவுடன் எழுந்து நின்றுவிட்டார்கள். இப்போது மீட்டர் இல்லாத வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய் அளவில் ஒரே கட்டணம். வீட்டின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் குடிநீர், கழிவுநீர் வரி தனி. தனியாக வாழும் பாட்டிக்கும், தினமும் இரண்டு கார் கழுவுகிறவருக்கும் அதே தொகை. இது எந்த ஊர் நியாயம்?

கேணிக்கரை
மீட்டர் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஒரு சத்தம் நினைவுக்கு வரும். தெற்கே ஒரு நகராட்சியில் ஏழு ஆண்டுகள் குடியிருந்தேன். நான்கு நாளுக்கு ஒரு முறை தண்ணீர். வால்வைத் திறந்தவுடன் குழாய் பாம்பு போலச் சீறும். காலிக் குழாயில் அடைந்திருந்த காற்று முதலில் வெளியே வரும். மீட்டர் முள் கிறுகிறுவென்று சுற்றும். குடத்தில் ஒரு சொட்டு விழுந்திருக்காது. கடைசித் தெருவில் இருந்ததால் காற்று எங்களுக்குத்தான் அதிகம். காற்றுக்குக் காசு கட்டியவள் சொல்கிறேன்: 24 மணி நேரமும் குழாயில் அழுத்தம் இருக்கும் ஊரில் மீட்டர் அளவுகோல். விட்டுவிட்டு வரும் ஊரில் அது சூதாட்டப் பெட்டி.

மூன்றாம்மாடி
காற்றை வெளியேற்றும் வால்வு என்று ஒன்று இருக்கிறது அம்மா. அதைச் சரியாக வைக்காதது அந்த ஊரின் குற்றம், மீட்டரின் குற்றம் அல்ல.

செலவைப் பாருங்கள். மீஞ்சூர் கடல்நீர் ஆலை 2010இல் தொடங்கியபோது, ஒரு கிலோலிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு என்று 25 ஆண்டு ஒப்பந்தம். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கான கணக்கு. நால்வர் வீட்டுக்கு மாதம் 16 கிலோலிட்டர் ஆகிறது. அந்த விலையில் போட்டால் ஏறத்தாழ 790 ரூபாய். நாம் கொடுப்பது நூறு. மீதியை யார் கொடுக்கிறார்கள்? திருவாரூரில் நெல் விற்கிறவரும் கொடுக்கிறார்.

கேணிக்கரை
இருப்பதிலேயே விலை கூடிய தண்ணீரை எடுத்து எல்லாத் தண்ணீருக்கும் விலை போடுகிறீர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், அப்புறம் கண்ணன்கோட்டை. இந்த ஐந்து ஏரிகளும் நிரம்பினால் 11.757 டி.எம்.சி. அது மழை கொடுத்தது. கடல்நீரைப் பிரித்து எடுத்தது அல்ல.

இன்னொன்று. 20 லிட்டர் கேன் எங்கள் தெருவில் 35 ரூபாய். கிலோலிட்டருக்கு 1,750 ரூபாய் வருகிறது. இட்லிக் கடை வைத்திருக்கும் பெண்கூட அதைத்தான் வாங்குகிறாள். குழாய்த் தண்ணீரை நம்பாததற்கு அவள் தண்டம் கட்டுகிறாள். 2019இல் மத்திய அரசு 21 நகரங்களின் குழாய்த் தண்ணீரைச் சோதித்தபோது எல்லா மாதிரியிலும் தேறியது மும்பை ஒன்றுதான். முதலில் குடிக்கத் தகுந்ததாகக் கொடுங்கள், பிறகு பில் நீட்டுங்கள்.

மூன்றாம்மாடி
கேனுக்கு 1,750 கொடுக்க முடிகிறவர்களால் குழாய்க்கு 20 ரூபாய் கொடுக்க முடியாதா? என் பக்கத்துக்கு வாதாடியதற்கு நன்றி.

கேணிக்கரை
முடிகிறது என்று யார் சொன்னது? வேறு வழியில்லை என்பதற்கும் முடிகிறது என்பதற்கும் உங்கள் மூன்றாம் மாடியில் வேறுபாடு தெரியவில்லை போலும்.

பழைய பம்ப்
முப்பத்தொரு ஆண்டு நீரேற்று நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இருவரும் வீட்டு வாசலில் நின்று சண்டை போடுகிறீர்கள். தண்ணீர் காணாமல் போவது தெருவில்.

முதல் மீட்டர் உங்கள் வீட்டுக்கு அல்ல. நீரேற்று நிலையத்தின் வெளிவாயிலுக்கு ஒன்று, ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டிக்கும் ஒன்று, ஒவ்வொரு பகுதிக்குள் நுழையும் குழாய்க்கும் ஒன்று. அனுப்பியது எவ்வளவு, போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று தெரியாமல் வீட்டு மீட்டரைப் படித்து என்ன பயன்? ஓட்டைக் குடத்தை வைத்துக்கொண்டு டம்ளரை அளக்கிற வேலை அது.

நாங்கள் கசிவு தேடிய விதத்தைச் சொல்கிறேன். இரவு இரண்டு மணிக்கு மேல், தெரு அடங்கிய பிறகு, ஆளுயர இரும்புக் கம்பியைக் குழாய் வால்வின் தலையில் ஊன்றி மறுமுனையைக் காதெலும்போடு சேர்த்து வைப்போம். நல்ல குழாய் ஊமையாக இருக்கும். கசிகிற குழாய், அப்பளம் பொரிவது போல மெல்லச் சத்தம் போடும். அடுத்த வால்வுக்குப் போவோம். சத்தம் கூடினால் கசிவு அந்தப் பக்கம். என்னோடு இருந்த ஃபிட்டர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஈரத்தைத் தேடுவார். இந்த வித்தைக்குக் குழாயில் இரவிலும் தண்ணீர் நின்றாக வேண்டும். இரண்டு மணி நேரம் விட்டு மூடிவிடும் தெருக்குழாயில் எதைக் கேட்பது? அது மட்டுமா. மூடிய குழாய்க்குள் அழுத்தம் விழுந்ததும், வெளியே நிற்கும் சாக்கடை அதே ஓட்டை வழியாக உள்ளே வரும். போதாததற்கு ஆளாளுக்குக் குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். அம்மா சொல்லும் தரப் பிரச்சினையும் தம்பி சொல்லும் செலவுப் பிரச்சினையும் ஒரே ஓட்டைதான்.

பம்ப் பக்கம் ஒரு கணக்கு. ஒரு கிலோலிட்டரை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 0.27 யூனிட் போதும், பம்பும் மோட்டாரும் பழுதே இல்லாதவையாக இருந்தால். சேர்ந்த திறன் 70 சதவீதம் என்றால் 0.39. தேய்ந்துபோன பழைய பம்பில் 45 சதவீதத்துக்கு இறங்கினால் 0.6. தண்ணீர் அதேதான், மின்கட்டணம் ஒன்றரை மடங்கு. பம்பின் உள்சக்கரத்தை மாற்றக் கேட்டு நான் எழுதிய கோப்பு மூன்று ஆண்டு சுற்றியது. அதற்குள் மின்கட்டணத்தில் மூன்று புதுப் பம்ப் வாங்கியிருக்கலாம்.

கணக்குவழி
ஐயா சொன்ன கோப்புக்குக் காரணம் எளிது. 100, 150 எம்.எல்.டி. கடல்நீர் ஆலை கட்டக் கடன் கிடைக்கும் (ஒரு எம்.எல்.டி. என்பது நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர்). 2013இல் நெம்மேலி, 2024இல் அங்கேயே இன்னொன்று, அடுத்து பேரூரில் 400 எம்.எல்.டி. எல்லாவற்றுக்கும் அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு. வாஷர் மாற்றியதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது.

கடல்நீரை நன்னீராக்க ஆகும் மின்சாரத்தைக் கிலோலிட்டருக்கு மூன்றரை யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 எம்.எல்.டி. என்பது நாளைக்கு ஒரு லட்சம் கிலோலிட்டர். மூன்றரை லட்சம் யூனிட். ஐயாவின் தேய்ந்த பம்பே 0.6தான் கேட்கிறது. அவ்வளவு மின்சாரம் குடித்து வந்த தண்ணீரை நூறாண்டுப் பழைய வார்ப்பிரும்புக் குழாயில் விடுவது, நெய்யை வாங்கி ஓட்டைக் கரண்டியில் ஊற்றுவது.

வாரியம் உருப்படியாகச் செய்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள், தலா 45 எம்.எல்.டி. மணலியும் ஸ்ரீபெரும்புதூரும் அதை அளந்து, பணம் கொடுத்து வாங்குகின்றன. அவ்வளவு நல்ல தண்ணீர் மக்களுக்கு மிச்சம். மீட்டர் எங்கே முதலில் பலிக்கும் என்பதற்கு இதுவே சாட்சி. பெரிய நுகர்வோரிடம் தொடங்குங்கள். ஒற்றை அறை வீட்டுக்குக் கடைசியாக வாருங்கள்.

வாசுகி
வழக்கறிஞர் என்ற முறையில் ஒரு கேள்வி. மின்கட்டணம் உயர வேண்டுமென்றால் ஒழுங்குமுறை ஆணையத்தில் மனுப் போட வேண்டும். செலவுக் கணக்கைக் காட்ட வேண்டும். பொது விசாரணையில் யாரும் எழுந்து, இந்தச் செலவு ஏன் என்று கேட்கலாம். தண்ணீருக்கு அப்படி எந்த மேடை இருக்கிறது? மகாராஷ்டிரம் 2005இலேயே நீர்வள ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சட்டம் போட்டது. இங்கே 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த வாரியம்தான் தண்ணீரை வழங்குகிறது. கட்டணத்தை முடிவு செய்வது அதுவும் அரசும். அன்றாடம் தரத்தைச் சோதிப்பதும் அதுவே. பரீட்சை எழுதுகிறவரே தாளைத் திருத்தினால் யார் தோற்பார்?

கேணிக்கரை
ஆணையம் வந்தால் மட்டும்? இங்கிலாந்தில் 1989இல் தண்ணீரைத் தனியாருக்கு விற்றபோதே ஆஃப்வாட் என்ற ஆணையத்தையும் வைத்தார்கள். அது கண்ணை விழித்துக்கொண்டு பார்த்திருக்க, லண்டனுக்குத் தண்ணீர் கொடுக்கும் தேம்ஸ் வாட்டர் கழுத்தளவு கடனில் மூழ்கியது.

வாசுகி
அங்கே விற்றது தவறு. கண்காணித்தது தவறு அல்ல, போதவில்லை. நான் கேட்பது பொது வாரியம் பொதுவாகவே இருந்துகொண்டு கணக்குக் காட்ட வேண்டும் என்பது. மின்சார மேடை வேண்டும், ஆனால் தண்ணீருக்கு வேண்டாம் என்றால் எப்படி?

பழைய பம்ப்
விற்காமலே திருந்திய ஊர் ஒன்று உண்டு: கம்போடியத் தலைநகர் புனோம்பென். போருக்குப் பிறகு 1993இல் அங்கே அனுப்பிய தண்ணீரில் 72 சதவீதம் கணக்கில் வராமல் போனது. ஏக் சொன் சான் என்ற பொறியாளர் பொறுப்பேற்றார். அரசு நிறுவனமாகவே இருந்துகொண்டு அதை 6 சதவீத அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பணம் கட்டாத ராணுவத் தளபதியின் வீட்டுக்கு மீட்டர் வைக்கப் போனபோது தளபதி தன் நெற்றியில் துப்பாக்கி வைத்த கதையை ஏக் சொன் சானே சொல்லியிருக்கிறார். திரும்பிப் போய் இணைப்பைத் துண்டித்தார். மீட்டர் மட்டும் இதைச் செய்யவில்லை என்று அம்மாவுக்கும், மீட்டர் இல்லாமல் நடக்கவில்லை என்று தம்பிக்கும் சொல்கிறேன்.

கேணிக்கரை
தளபதி வீட்டில் தொடங்கினால் நானும் மீட்டருக்கு வாக்களிக்கிறேன். இங்கே தொடங்குவது எங்கள் தெருவிலிருந்துதானே.

மேல்தொட்டி
நான் ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி இயக்குபவன். சென்னைப் பேச்சில் நுழைவதற்கு மன்னிக்கவும். 30,000 லிட்டர் தொட்டி. ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் என்ற கணக்கில் 120 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் மூட்டை, வாய் திறந்தபடி ஈர அறையில் ஆறு மாதம் கிடந்தால் பவுடரில் வீரியம் எங்கே இருக்கும்? 120 கிராம் போட்டேன் என்று பதிவேட்டில் உண்மையாகவே எழுதுகிறேன். கடைசி வீட்டுக் குழாயில் சோதனைத் திரவத்தை விட்டால் மஞ்சள் நிறம் ஏறுவதில்லை. லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது அங்கே மிஞ்சியிருக்க வேண்டும். ஆணையம் வைப்பவர்கள் பதிவேட்டைப் பார்க்காமல் கடைசிக் குழாயைப் பார்க்கட்டும். தொட்டி ஏணியின் நான்காவது படி இல்லை என்பதையும் யாராவது எழுதிக்கொள்ளுங்கள்.

வாசுகி
இந்த இழையிலேயே உருப்படியான பதிவு இதுதான். அந்த ஏணிக்கு இன்றே எழுத்தில் மனுக் கொடுங்கள் தம்பி, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம்மாடி
சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன். டெல்லியில் 2015இல் மாதம் 20 கிலோலிட்டர் வரை இலவசம் என்றார்கள். ஆனால் ஓடுகிற மீட்டர் இருந்தால்தான். 20ஐத் தாண்டினால் முழு அளவுக்கும் கட்டணம். பயந்து ஒளிய வேண்டிய பொருளாக இருந்த மீட்டர், சலுகை வாங்கித் தரும் சீட்டாக ஆனது. தென்னாப்பிரிக்காவிலும் ஏழை வீட்டுக்கு மாதம் 6 கிலோலிட்டர் அடிப்படைத் தண்ணீர் இலவசம். அந்த இட்லிக் கடைப் பெண்ணுக்கு முதல் சில கிலோலிட்டர் இலவசமாகவே இருக்கட்டும். கார் கழுவுகிறவர் கட்டட்டும்.

கேணிக்கரை
டெல்லி முறை கூரை வீட்டுக்கும் கோபுர வீட்டுக்கும் ஒரே இலவசம் கொடுத்தது. ஒரு மீட்டரின் கீழ் மூன்று குடித்தனம் இருந்தால் 20 எப்படிப் போதும்? வாடகைக்கு இருக்கிறவர்கள்தான் அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

இருந்தாலும் மீட்டரைப் பெட்டி என்று திட்டியதைத் திரும்பப் பெறுகிறேன். நீங்களும் ஒன்று செய்யுங்கள். ஊருக்கு மீட்டர் கேட்கும் முன் உங்கள் 24 வீட்டில் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, ஒரு நடைக்கு 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அப்போது என் அக்கா வீட்டு அடுக்ககத்தில் மேல்தொட்டி வழிந்து மழைநீர்க் குழாயில் ஓடியதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

பழைய பம்ப்
எளிய சோதனை இருக்கிறது தம்பி. இரவு எல்லோரும் தூங்கிய பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு மேல்தொட்டியில் ஒரு கம்பை விட்டு ஈர அளவைக் குறியுங்கள். விடியுமுன் மறுபடி. மீட்டர் தேவையில்லை.

மூன்றாம்மாடி
செய்துவிட்டேன். தொட்டி 4 மீட்டருக்கு 2.5 மீட்டர். இரவு பதினொன்றரைக்குக் குறித்தேன், விடியற்காலை நாலரைக்கு மறுபடி. 6 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. 600 லிட்டர், ஐந்து மணி நேரத்தில், 24 வீடும் தூங்கும்போது. எழுந்து போனவர்களுக்கு நூறு லிட்டர் கழித்தாலும், நாள் முழுதும் இதே வேகம் என்றால் 2,400. ஐந்து நாளுக்கு ஒரு லாரி.

காலையில் ஒவ்வொரு வீட்டிலும் ஃப்ளஷ் தொட்டியில் நீலத்தைக் கரைத்து அரை மணி நேரம் காத்திருந்தோம். ஒன்பது வீடுகளில் பீங்கானுக்குள் நீலம் தானாக இறங்கியது. அதில் ஒன்று என் வீடு.

கேணிக்கரை
வாஷர் என்ன விலை?