தீர்மானம் எழுதும் முன்பே கையெழுத்தா?

நெசவாளர் மகள் (குடியாத்தம்):
எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்தைப் பற்றிப் பாலாற்றுக்காரன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 'பொதுமக்களின் குறைகள் பொறுமையாகக் கேட்கப்பட்டன, சாதித்த மாணவியர் பாராட்டப்பட்டனர், தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின' என்கிறார். மாணவியரைப் பாராட்டியது உண்மை. மற்ற இரண்டும் உண்மையல்ல. நான் அந்தக் குழுவின் உறுப்பினர். மூன்று மணிக்கு உள்ளே நுழைந்ததுமே தீர்மானப் பதிவேட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள்; அப்போது அந்தப் பக்கத்தில் தேதியைத் தவிர ஓர் எழுத்தும் இல்லை. எழுதப்படாத ஒன்றுக்கு நான் எப்படி ஒப்புதல் கொடுத்தேன் என்று அவர் விளக்கட்டும்.

பாலாற்றுக்காரன்:
அது வருகைக் கையெழுத்து, அம்மா. எந்தக் கூட்டமானாலும் வருகைப் பதிவு முதலில்தான் நடக்கும். முன்னாள் மாணவர் என்ற முறையில் நானும் அங்கேதான் இருந்தேன். நம் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவியர் இருவர் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வில் தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். அதில் ஒரு பெண்ணின் தாய் பீடி சுற்றுகிறவர். மகள் பெயரை அழைத்தபோது எழுந்து நிற்க முடியாமல் அழுதார். அந்த நாளைப் பற்றி எழுத உங்களுக்குக் கிடைத்தது ஒரு கையெழுத்துத்தானா?

நெசவாளர் மகள்:
அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். ஆகவே அந்தக் கண்ணீரை எனக்கு எதிராக நிறுத்தாதீர்கள். வருகைக்கு இடப்பக்கத்தில் வரிசை எண் போட்டுத் தனிப் பட்டியல் இருந்தது; அதிலும் கையெழுத்திட்டேன். நான் சொல்வது வலப்பக்கத்தின் அடியில் வாங்கிய இரண்டாவது கையெழுத்தை. வெற்றுத் தாளில் கையெழுத்திட்டால் என்ன ஆகும் என்பதை நான் சட்டப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கைலி நெய்த என் அப்பா, நூல் வாங்கக் கடன் கேட்ட இடத்தில் 'பிறகு எழுதிக்கொள்ளலாம்' என்ற வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுதப்பட்ட தொகை அவர் வாங்கியதைப் போல மூன்று மடங்கு. இரண்டு தறிகளில் ஒன்று அந்தக் கடனில் போயிற்று.

கூட்டத்தில் நான் இரண்டு குறைகளைச் சொன்னேன். கணித ஆசிரியரை மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் நடத்த ஆள் இல்லாமல் விட்டிருக்கிறார்கள். மோட்டார் எரிந்துபோனதால் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் வருவதில்லை. பாராட்டு முடிந்து எல்லோரும் எழுந்துகொண்டிருந்த வேளையில்தான் எனக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தது. இவற்றில் ஒன்றாவது அந்தப் பக்கத்தில் ஏறியதா?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் (காட்பாடி):
வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலேயே பணியில் சேர்ந்தவன் நான். கூட்டம் முடியும்போது பள்ளி விடும் நேரம் வந்துவிடும். பிள்ளைகளை அனுப்ப வேண்டும், பெற்றோருக்கு வீட்டு வேலை, ஆசிரியர்களுக்குப் பேருந்து. எல்லோரையும் உட்கார வைத்து எழுதி முடித்துக் கையெழுத்து வாங்குவது நடைமுறையில் கடினம் என்பதால் சில தலைமையாசிரியர்கள் முன்னதாகவே வாங்கிவிடுகிறார்கள். அதில் கள்ளம் எதுவும் இல்லை. கடன் பத்திரத்தையும் பள்ளிப் பதிவேட்டையும் ஒன்றாக்கிப் பேசுவது, ஆயுள் முழுவதும் நேர்மையாக உழைத்தவர்களை அவமதிப்பதாகும்.

நெசவாளர் மகள்:
நன்றி, ஐயா. பாலாற்றுக்காரன் 'வருகைக் கையெழுத்து' என்கிறார். நீங்களோ 'முன்னதாகவே வாங்குவது உண்டு' என்று ஒப்புக்கொள்கிறீர்கள். முதலில் உங்கள் இருவருக்குள் ஒரு முடிவுக்கு வாருங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் (காட்பாடி):
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பொதுவான சிரமத்தைச் சொன்னேன்.

தோல்பதனிடும் ஊர் (ஆம்பூர்):
கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21 இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரை கணிதம் மற்றும் அறிவியலுக்குக் குறைந்தது ஓர் ஆசிரியர் வேண்டும் என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. ஆகவே அக்கா கேட்டது சலுகையன்று. எனக்கு வேறொரு கேள்வியும் உண்டு. மேடையில் பொன்னாடை யாருக்குப் போர்த்தினார்கள், மாணவியருக்கா, வந்திருந்த பெரியவர்களுக்கா?

பாலாற்றுக்காரன்:
2019இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்தபோதே ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. எங்கள் பள்ளியின் பொன்னாடையை எண்ண வேலூர் மாவட்டத்தில் ஆள் இருக்கிறார்கள். பெரியவர்களுக்குப் போர்த்தியவை என் சொந்தச் செலவில் வாங்கியவை. மாணவியருக்குப் புத்தகமும் பேனாவும் கொடுத்தோம்.

தோல்பதனிடும் ஊர் (ஆம்பூர்):
மாவட்டம் பிரிந்ததால் சட்டம் பிரிந்துவிடவில்லை, அண்ணா. பரீட்சை எழுதியவர்களுக்குப் பேனா, பார்க்க வந்தவர்களுக்குப் பொன்னாடை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

பாலாற்றுக்காரன்:
கைக்காசு போட்டவனைத்தான் இந்த ஊர் குறை சொல்லும். சென்ற ஆண்டு மதில் சுவருக்குச் செங்கல் இறக்கியபோதும் இதே பேச்சைக் கேட்டேன். இவ்வளவு அக்கறை உள்ள அம்மா தம் மூத்த மகனை ஏன் தனியார் பள்ளியில் படிக்க வைத்தார் என்பதையும் சொல்லட்டும்.

நெசவாளர் மகள்:
சொல்கிறேன். அவனுக்கு ஆறாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்க அன்றும் ஆசிரியர் இல்லை. நகையை அடகு வைத்துச் சேர்த்தேன். மகளுக்கு அடகு வைக்க நகை இல்லை, அதனால் அவள் இங்கே படிக்கிறாள், அதனால்தான் நான் இந்தக் குழுவில் இருக்கிறேன். தண்ணீர் இல்லாத கழிப்பறைக்குப் பயந்து அவள் காலையிலிருந்து மாலைவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வீடு திரும்புகிறாள். நீங்கள் செங்கல் இறக்கியதை நான் மறக்கவில்லை; அந்தச் செலவுக்கான தீர்மானத்திலும் என் கையெழுத்து வெற்றுப் பக்கத்தில்தான் வாங்கப்பட்டது.

பாலாற்றுக்காரன்:
இப்போது என் நேர்மையின் மீதே கை வைக்கிறீர்கள்.

நெசவாளர் மகள்:
உங்கள் நேர்மையைப் பற்றி நான் பேசவில்லை. வலப்பக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன். தீர்மானங்களைப் பள்ளிக் கல்வித் துறையின் 'பெற்றோர்' கைபேசிச் செயலியில் பதிவேற்றுகிறார்கள் அல்லவா? அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். கணித ஆசிரியரும் மோட்டாரும் அதில் இருந்தால், நான் எழுதிய அத்தனையையும் நீக்கிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் (காட்பாடி):
பள்ளிப் பதிவேட்டைப் பொதுவெளியில் படம் பிடித்துப் போடுவது முறையல்ல. அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

நெசவாளர் மகள்:
உறுப்பினரான நான் ஒப்பமிட்ட பக்கத்தை நானே பார்ப்பதற்கு அடுத்த கூட்டம் வரை ஏன் காத்திருக்க வேண்டும், ஐயா? திங்கட்கிழமை காலை, வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும், தலைமையாசிரியர் அறைக்கு வருகிறேன். அடுத்த முறை தீர்மானத்தை எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகுதான் வலப்பக்கத்தில் கையெழுத்திடுவேன்.

பாலாற்றுக்காரன்:
தாராளமாக வாருங்கள். இப்போதும் சொல்கிறேன், அது வருகைக் கையெழுத்து.

நெசவாளர் மகள்:
வருகைக்கு இடப்பக்கத்தில் போட்டேன்.