மறுமொழி: ‘கொடுக்குத் தராசு’ அல்ல, ‘காம்புத் தராசு’

அன்புள்ள தம்பிக்கும் குழும நண்பர்களுக்கும்,

காற்றைச் செலுத்தி விமான மாதிரிகளைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில், மாதிரியைப் பின்புறமிருந்து தாங்கும் மெல்லிய தண்டுக்குக் (sting) ‘கொடுக்கு’ என்றும், அதன்வழி காற்றின் விசைகளை அளக்கும் கருவிக்குக் (sting balance) ‘கொடுக்குத் தராசு’ என்றும் பெயரிட்டிருக்கிறீர்கள். ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள் அதுதான். ஆனால் தமிழில் கொடுக்கு என்றால் தேளும் குளவியும்தான் நினைவுக்கு வரும். கொடுக்கு குத்தும், தாங்காது.

நான் முன்வைப்பது ‘காம்பு’. பூவையும் வெற்றிலையையும் தாங்குவது காம்பு. குடைக்கும் காம்பு உண்டு. கச்சான் காற்று வீசும் நாளில் எங்கள் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் குடையோடு நடந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. காற்று குடையைப் பின்னே தள்ளுவதும் மேலே தூக்குவதும் முறுக்குவதும் காம்பைப் பிடித்த கைக்குத்தான் தெரியும். அந்தக் கையின் வேலையைத்தான் மாதிரிக்குள், காம்பின் நுனியில் ஒட்டிய விகாரமானிகள் (நீளும்போது மின்தடை மாறும் மெல்லிய உணரிகள், strain gauges) செய்கின்றன. மூன்று விசைகள், மூன்று திருப்பங்கள், ஆக ஆறு அளவுகள். (தமிழ்நாட்டு நண்பர்கள் ‘திரிபுமானி’ என்பார்கள். அதுவும் நல்ல சொல்லே.)

‘balance’ என்பதற்குச் ‘சமநிலை’ என்று இன்னொருவர் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. ரைட் சகோதரர்கள் 1901இல் தங்கள் காற்றுச் சுரங்கத்துக்காக இரும்பறுக்கும் வாளின் அலகுகளையும் சைக்கிள் சக்கரக் கம்பிகளையும் கொண்டு செய்தது விசையை நிறுக்கும் கருவி. ஆகவே தராசுதான்.

மின்குறிகையைப் பெருக்கும் விரியலாக்கிச் (amplifier) சில்லைக் காம்புக்குள்ளேயே வைத்தால் ‘விரியலாக்கித் தராசு’ என்று மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். சில்லின் பயன் பெரிதுதான். 350 ஓம் விகாரமானி மில்லியனில் 500 பங்கு நீண்டால் தடை ஏறத்தாழ 0.35 ஓம் மட்டுமே மாறும். தடை மாற்றத்தை மின்னழுத்தமாகக் காட்டும், நான்கு மானிகளும் இயங்கும் பாலச் சுற்றுக்கு 5 வோல்ற்று கொடுத்தாலும் கிடைப்பது 5 மில்லிவோல்ற்று. அந்தச் சிறு குறிகை நீண்ட கம்பி வழியே வரும்போது சுரங்கத்து விசிறி மோட்டாரின் மின் இரைச்சல் அதில் கலந்துவிடும். மானிக்குப் பக்கத்திலேயே 200 மடங்காகப் பெருக்கினால் 1 வோல்ற்றாக வெளியே வரும். ஆனால் சில்லு தானும் சூடாகும். அந்தச் சூடு மானிகளின் பூச்சியத்தை, அதாவது விசை இல்லாதபோது காட்டும் அளவை, நகர்த்தும். அதனால் சில்லைச் சற்றுப் பின்தள்ளி வைத்து, வெப்பநிலையையும் கூடவே அளக்க வேண்டியிருக்கும்.

இருந்தாலும் பெயரை மாற்ற வேண்டாம். இன்று விரியலாக்கி, நாளை குறிகையை எண்களாக மாற்றும் இலக்கமாக்கியும் அதே சில்லில் சேரும். உள்ளே எது மாறினாலும் காம்பு காம்பாகவே இருக்கும்.

காம்பு மாதிரியோடு சேரும் கூம்புப் பொருத்துக்குத்தான் எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. காம்பின் நுனியில் பூவின் பாகங்கள் அமரும் ‘பூத்தளம்’ பொருந்துமா? குழுமத்தில் தாவரவியல் படிப்பிப்பவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து