மியூனிக்கில் டெவலப்பர் வேலை: ஆபீசுக்கு வெளியே அன்றாடம் எப்படி இருக்கும்?

கொங்குத்தம்பி:

வணக்கம். கோவையில் பேக்எண்ட் டெவலப்பராக இருக்கிறேன், ஜாவாதான். மியூனிக்கில் வேலை கிடைத்து புளூ கார்டு விசாவும் (படித்த வெளிநாட்டு ஊழியர்களுக்கான அனுமதி) வந்துவிட்டது. முதலில் நான் மட்டும் போகிறேன். வீடு பார்த்த பிறகு மனைவியும் நாலு வயது மகளும் வருவார்கள். ஆபீசில் ஆங்கிலம் போதும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மற்றபடி காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கிற வரை அங்கே எப்படி இருக்கும்? யூடியூபில் எல்லாரும் பனியில் நின்றுகொண்டு சம்பளக் கணக்குதான் சொல்கிறார்கள்.

இசார்க்கரை:

வாங்க தம்பி. நான் மதுரைப் பக்கம், இங்கே வந்து சில வருடங்கள் ஆகிறது. ஆபீசை நினைத்துப் பயப்படாதீர்கள். ஸ்டாண்ட்அப் (தினமும் காலையில் நடக்கும் குட்டி மீட்டிங்), கோட் ரிவ்யூ (நாம் எழுதிய கோடைச் சக ஊழியர் சரிபார்ப்பது) எல்லாம் ஊரில் பார்த்த அதே கூத்துதான். ரிவ்யூவில் மட்டும் சுற்றி வளைக்க மாட்டார்கள். "இது சரியில்லை" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, பன்னிரண்டு மணிக்கு உங்களையே சாப்பிடக் கூப்பிடுவார்கள். கோபமெல்லாம் கிடையாது. ஆனால் மீட்டிங்கில் இருந்த ஆங்கிலம் சாப்பாட்டு மேசையில் இருக்காது. எல்லாரும் ஜெர்மனுக்குத் தாவிவிடுவார்கள், நாம் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வந்த மாதமே வகுப்பில் சேருங்கள். ஜெர்மன் மொழித் தேர்வில் ஏ1 ஆரம்ப நிலை, பி1 நடு நிலை. பி1 முடித்தால் புளூ கார்டுக்காரருக்கு 21 மாதத்தில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, ஏ1 மட்டும் என்றால் 27.

இங்கே குடும்பத்தை நடத்துவது தபால் பெட்டி. வங்கி அட்டை ஒரு கவரில், அதன் ரகசிய எண் இன்னொரு கவரில். வரி அடையாள எண், இன்சூரன்ஸ் அட்டை, எல்லாமே கடிதம்தான். கட்டடத்துக்கு எண் உண்டு, உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் பெரும்பாலும் எண் கிடையாது. பெட்டியிலும் காலிங் பெல்லிலும் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும்.

நம் ஆட்களுக்கு இதில் தனிச் சிக்கல். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் என்னிடம் பெயர் கேட்டு, ஆபீசில் கூப்பிடுகிற பெயரைப் பெட்டியில் ஒட்டினார். வங்கி "ஹெர் (திரு) சுப்பிரமணியம்" என்று அப்பா பெயருக்கு அட்டையை அனுப்ப, அது திரும்பிப் போய்விட்டது. அப்புறம் இரண்டு பெயரையும் அச்சடித்து ஒட்டினேன். இன்றைக்கும் டாக்டரிடம் போய் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பெயரைக் கூப்பிட்டால், அப்பா எங்கே என்று ஒரு நொடி திரும்பிப் பார்க்கிறேன்.

குடிபோன 14 நாளுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் தேவை. பதிவு முடிந்ததும் ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் தானாக வரும். டிவியே இல்லை என்று சொல்லியும் பயனில்லை, வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ.

மியூனிக் இருக்கிற பவேரியா மாநிலத்தில் பெரும்பாலான கடைகள் இரவு 8 மணிக்கு மூடிவிடும், ஞாயிறு திறக்காது. சனிக்கிழமை பால் வாங்கவில்லையென்றால், பெரிய ரயில் நிலையத்தில் இருக்கிற கடைக்குத்தான் ஓட வேண்டும்.

ஒரு நல்ல விஷயமும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவே 11 மணி நேரம் ஓய்வு என்பது சட்டம். ஆன்கால் வாரத்தில் (இரவிலும் அழைப்பு வந்தால் எடுக்க வேண்டிய முறை) நள்ளிரவு 2 மணிக்கு சர்வர் படுத்து, 3 மணி வரை நான் அதன் பதிவுகளைத் துழாவிக்கொண்டிருந்தால், காலை ஸ்டாண்ட்அப்பில் என்னைத் தேட மாட்டார்கள். அன்று லாகின் செய்தால் டீம் லீடே "போய்ப் படு" என்பார். இதை நம்பவே எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று.

நாஞ்சில்காரி:

அண்ணன் சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன். பதிவுப் படிவத்தில் மதம் கேட்பார்கள். நாங்கள் நாகர்கோவில் கத்தோலிக்கர், அப்படியே எழுதினோம். அடுத்த சம்பளச் சீட்டில் சர்ச் வரி வந்து நின்றது. பவேரியாவில் அது வருமான வரித் தொகையில் 8 சதவீதம். கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், மகள் போகிற கிண்டர்கார்டனும் அந்தச் சபையுடையதுதான். ஆனால் தெரிந்தே எழுதுங்கள்.

இன்னொன்று மருத்துவக் காப்பீடு. சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் தனியார் காப்பீட்டுக்குப் போகலாம் (2025-ல் வருடம் 73,800 யூரோ, வருடா வருடம் மாறும்). ஏஜெண்டுகள் விடாமல் கூப்பிடுவார்கள். பொதுக் காப்பீட்டில் வருமானம் இல்லாத மனைவிக்கும் குழந்தைக்கும் கூடுதல் பணம் கிடையாது, தனியாரில் தலைக்குத் தலை கட்ட வேண்டும். குடும்பத்தோடு வருபவருக்கு நான் பொதுக் காப்பீட்டைத்தான் சொல்வேன்.

கொங்குத்தம்பி:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. பெயர் விஷயம் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. எனக்கு சர்நேம் அப்பா பெயர், மனைவிக்கும் மகளுக்கும் என் பெயர். பெட்டியில் எதை ஒட்டுவது? அப்புறம், பெட்டியில் என்னென்ன கட்டிக்கொண்டு வரலாம்? (இது வேற பெட்டி!)

இசார்க்கரை:

அப்பா பெயர், உங்கள் பெயர் இரண்டையும் ஒட்டினால் மூன்று பேருக்கும் சேர்ந்துவிடும். ஒரே குடும்பத்துக்கு ஏன் இரண்டு பெயர் என்று எந்தக் கவுண்டரிலும் கேட்பார்கள். கல்யாணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் ஜெர்மன் மொழிபெயர்ப்போடு கையிலேயே வைத்திருங்கள்.

அரிசி, பருப்பு சுமக்காதீர்கள், ஈழத்தமிழர் கடையில் பொன்னி அரிசி முதல் முருங்கைக்காய் வரை கிடைக்கும். அம்மா எவ்வளவு சொன்னாலும் நெய், பால்கோவா வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள் கொண்டுவரத் தடை. வாடகை விளம்பரத்தில் சமையலறை உண்டா என்று தெளிவாகப் பாருங்கள். பல வீடுகளில் அடுப்பு, சிங்க், அலமாரி எதுவும் இருக்காது, சுவரில் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பழைய குடித்தனக்காரர் கிச்சனைக் கழற்றிக்கொண்டே போய்விடுவார். இண்டக்‌ஷனுக்கு ஒத்துவரும் அடி உள்ள குக்கர் ஒன்று எடுத்து வாருங்கள், கூடவே கேஸ்கட் இரண்டு.