காயிலோவருக்குத் தமிழில் என்ன பெயர்?

மடல் 1

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மிச்சிகனில் நண்பர் ஒருவரிடம் 1976-ஆம் ஆண்டு செவர்லே கார்வெட் கார் இருக்கிறது. அதன் பின்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் காயிலோவர் பொருத்தும் வேலையை அவர் வீட்டுக் கார் கொட்டகையிலேயே செய்துவருகிறோம். அதைப் படிப்படியாகத் தமிழில் எழுத ஆசை. உட்கார்ந்தால் முதல் வரியிலேயே வண்டி நின்றுவிடுகிறது. ஸ்பிரிங், ஷாக் எல்லாம் சேர்ந்து சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் அமைப்பான சஸ்பென்ஷனை இயந்திர மொழிபெயர்ப்பு 'இடைநீக்கம்' என்கிறது. சக்கரம் என்ன லஞ்சம் வாங்கியதா?

பொருள் விளங்குவதற்காகச் சில வரிகள். கார்வெட்டில் 1963 முதல் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஏறி இறங்கும். ஆனால் இரண்டுக்கும் சேர்த்து ஸ்பிரிங் ஒன்றுதான். லாரியில் நாம் பார்க்கும் பட்டைதான் அது. இங்கே வண்டியின் குறுக்கே, டிஃபரன்ஷியலின் (என்ஜின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டி) அடியில் நான்கு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. எங்கள் வண்டியில் ஒன்பது எஃகுத் தகடுகள். பட்டையின் இரு முனைகளிலும் ஒரு நீண்ட போல்ட்டும் ரப்பர் மெத்தைகளும் உண்டு. ஷாக் அப்சார்பர் தனியே பக்கத்தில் நிற்கும். காயிலோவரில் இந்த இரண்டு வேலைகளும் ஒரே உறுப்புக்குப் போய்விடுகின்றன: நடுவில் ஷாக், அதைச் சுற்றிச் சுருள்வில். 2020 மாடலில் கம்பெனியே குறுக்குப் பட்டையைக் கைவிட்டு நான்கு சக்கரங்களுக்கும் இதைப் போட்டுவிட்டது.

என் முன்மொழிவு 'மேற்சுருள்'. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. உங்கள் கருத்து என்ன?

மடல் 2

மேற்சுருள் வேண்டாம். சுருள் மேலே இல்லை, சுற்றி இருக்கிறது. 'சூழ்வில்' எப்படி? இல்லாவிட்டால் வில்லையும், ஷாக்குக்கு நான் சொல்லும் 'தணிப்பி'யையும் புணர்த்தி 'விற்றணிப்பி'. இலக்கணமும் சுத்தம், ஒரே சொல்லாகவும் முடிந்துவிடும்.

மடல் 3

மிச்சிகன் நண்பருக்குக் கோவையிலிருந்து வணக்கம்.

இரண்டாம் மடலில் சொன்னது சரி. அந்த ஆங்கிலப் பெயரில் வரும் 'ஓவர்', சட்டைக்கு மேல் கோட்டு போடுகிறோமே, அந்த மேல். சுருள் தலையில் உட்கார்ந்திருக்கவில்லை, உடம்பைப் போர்த்தியிருக்கிறது. ஆகவே 'சூழ்' என்ற அடை எனக்குச் சம்மதம்.

ஷாக் அப்சார்பரை 'அதிர்ச்சி உறிஞ்சி' என்று எழுதும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். குழியில் விழுந்த அடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கிய பிறகு அது சும்மா இருக்காது, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே பிஸ்டனின் சிறு துளைகள் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு போகிறது. ஆட்டம் வெப்பமாக மாறுகிறது. மோசமான சாலையில் ஓடி வந்த வண்டியின் ஷாக் குழாயைத் தொட்டுப் பாருங்கள், கை சொல்லும். 'தணிப்பான்' என்றால் பொருள் நேராக வந்துவிடும்.

உங்கள் வாசகர்கள் இந்த உறுப்பைப் பார்க்காதவர்களும் இல்லை. புல்லட்டின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் நிற்பது இதன் இனம்தான். பட்டறையில் சுருளையும் சேர்த்து 'ஷாக்' என்றே சொல்லிவிடுவார்கள். படத்துக்குக் கீழே இந்த ஒரு வரியைப் போட்டால் பாதி விளக்கம் மிச்சம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். காயிலோவருக்கு நாம் எந்தப் பெயர் வைத்தாலும் படிப்பவருக்கு ஆபத்து ஒன்றும் வராது. பெயர் இல்லாததால் ஆபத்து வரக்கூடிய இடம் வேறு: அது மாட்டப்படும் பிடி.

பழைய அமைப்பில் ஷாக் வண்டியின் எடையைச் சுமப்பதே இல்லை. நின்றிருக்கும் வண்டியில் ஷாக்கைக் கழற்றி எடுத்தாலும் வண்டி அதே உயரத்தில் நிற்கும். எடை முழுவதும் பட்டை வழியாக நடுவில், டிஃபரன்ஷியலைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்குப் போகிறது. ஷாக்கின் மேல்முனை சட்டத்தில் ஒரு போல்ட். கீழ்முனை, சக்கரத்தருகே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முளை. அதற்கு ஒரு பக்கம் மட்டுமே பிடிமானம், மறுமுனை அந்தரத்தில் இருக்கிறது. ஆட்டத்தை அடக்கும்போது வரும் இழுப்புக்கும் தள்ளலுக்கும் அது போதும் என்று கணக்கிட்டுச் செய்திருக்கிறார்கள்.

அதே இரண்டு புள்ளிகளில் காயிலோவரை மாட்டுகிறீர்கள். வண்டியின் பின்பாதி எடை முழுவதும் இப்போது அங்கே வந்துவிட்டது. ஒரு பின்சக்கரத்தின் பங்கு 400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காயிலோவர் சக்கரத்துக்கு உள்தள்ளி நிற்பதால் சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது அது 7 மி.மீ. மட்டுமே சுருங்குகிறது என்றால், பிடியில் விழும் பாரம் 400 அன்று, 400-ஐ 0.7-ஆல் வகுக்கவேண்டும். கிட்டத்தட்ட 570 கிலோ. இது வண்டி அசையாமல் நிற்கும்போது. ஓடும் வண்டி குழியில் இறங்கினால் எவ்வளவு என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மேல்பிடிக்கு வலுச்சேர்க்கும் தகடும் இரு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குக் குழாயும், கீழே இருபுறமும் கவ்வும் பிடியும் ஏன் தேவை என்பதற்கு இதுதான் காரணம்.

ஆங்கிலக் கையேடுகளில் இரண்டையும் 'ஷாக் மவுன்ட்' என்றே எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆட்டத்தை மட்டும் வாங்குவது 'தணிப்பான் பிடி'. எடையைத் தாங்குவது 'சுமைப்பிடி'. 'தணிப்பான் பிடியைச் சுமைப்பிடியாக மாற்றாமல் மேலே போகாதீர்கள்' என்று எழுதினால் எச்சரிக்கை சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. 'சுமைதாங்கி' என்று வைக்க எனக்கே ஆசைதான். சாலையோரக் கல் அந்தப் பெயரை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

சுருளின் விறைப்புக் கணக்கிலும் அதே 0.7 வரும், ஆனால் 0.7-ஐ 0.7-ஆல் பெருக்கி: 0.49. சக்கரத்துக்கு வேண்டிய விறைப்பை அப்படியே கடையில் கேட்டு வாங்கினால் பாதிதான் கிடைக்கும்.

இன்னொரு சிறு விஷயம். குழாயின் மரையில் மேலும் கீழும் போகும் வளையத்துக்கு 'விறைப்பு வளையம்' என்று யாராவது முன்மொழிவதற்குள் சொல்லிவிடுகிறேன்: அதைத் திருகினால் வண்டியின் உயரம் மாறும், சீராகச் சுற்றிய சுருளின் விறைப்பு மாறாது. சுருளின் மேல் நிற்கும் எடை அதே எடைதானே. 'உயர வளையம்' என்று வையுங்கள்.

மடல் 4

கோவை ஐயா அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம்.

சுருள்வில் தராசை 'விற்றராசு' (வில் + தராசு) என்று படித்து, அப்படியே படிப்பித்தவர்கள் நாங்கள். ஆகவே விற்றணிப்பியின் புணர்ச்சி எங்களுக்கு உறுத்தவில்லை. ஆனால் கார் விற்பனை விளம்பரத்தில் 'விற்றணிப்பியுடன்' என்று வந்தால், கார் விற்றாகிவிட்டது என்று ஒருவரும் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள்.

சூழ்வில்லில் இருக்கும் சிக்கல் வேற்றுமை உருபு சேரும்போதுதான் தெரியும். 'சூழ்வில்லைக் கழற்றவும்' என்று எழுதிப் பாருங்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடியின் வில்லையை நினைப்பார்; இன்னொருவர் 'சூழ்வு இல்லை' என்று வாசிப்பார். செய்முறைக் கையேட்டில் இரண்டாம் வேற்றுமை இல்லாமல் ஒரு பத்தி நகராது: இதைக் கழற்று, அதை முடுக்கு. எனவே 'வில்'லை விட்டு, 'சூழ்சுருள்'. சூழ்சுருளை, சூழ்சுருளுக்கு, சூழ்சுருள்கள் என எல்லாம் இடறாமல் வருகின்றன. முழுப்பெயர் வேண்டிய இடத்தில் 'சூழ்சுருள் தணிப்பான்'. எனக்குத் 'தணிப்பி'தான் பிடிக்கும். அதற்காக இழையை நீட்டமாட்டேன்.

சுமைப்பிடி அருமை. அதை இன்றே குழுவின் பட்டியலில் சேர்க்கவேண்டும்.

மடல் 5

அனைவருக்கும் நன்றி. மேற்சுருளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சூழ்சுருள், தணிப்பான், சுமைப்பிடி, உயர வளையம் ஆகிய நான்கையும் வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். சஸ்பென்ஷனை இப்போதைக்குச் சஸ்பென்ஷன் என்றே விட்டிருக்கிறேன். அதற்குத் தனி இழை வேண்டும்.

"வண்டியைத் தூக்கிச் சட்டத்தின் அடியில் தாங்கிகளை நிறுத்துங்கள். ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவேண்டாம். சக்கரம் தொங்கினாலும் பட்டை விறைப்பாகவே இருக்கும். முனை போல்ட்டை அப்படியே கழற்றினால் பட்டை வெடித்துக்கொண்டு இறங்கும். முனைக்குச் சற்று உள்ளே பட்டையில் ஒரு சி கிளாம்பை இறுக்கமாக மாட்டுங்கள். ஜாக்கி வழுக்கி ஓடாமல் அது தடுக்கும். ஜாக்கியால் பட்டையின் முனையை உயர்த்தி, போல்ட் தளர்ந்ததும் நட்டைக் கழற்றி, ஜாக்கியை மெல்ல இறக்குங்கள். பிறகு நடுவிலுள்ள நான்கு போல்ட்டுகள். இதன்பின் பழைய தணிப்பானை எடுத்துவிட்டுச் சுமைப்பிடிகளைப் பொருத்துங்கள். சூழ்சுருள் அதற்குப் பிறகுதான். சக்கரங்கள் தரையில் நின்று, வண்டியை முன்னும் பின்னும் சற்று உருட்டிய பிறகே உயரத்தை அளக்கவேண்டும். உயர வளையத்தைத் திருகுவதற்கு முன் சுருளின் மேல் பாரம் இல்லாதபடி மறுபடி தூக்கிக்கொள்ளுங்கள்; பாரத்தோடு திருகினால் மரை கெடும்."

கோவை ஐயா, கீழ்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த உறுப்பை 'முளை' என்றே எழுதலாமா, பட்டறையில் வேறு சொல் புழங்குகிறதா? அதைச் சொன்னால் அடுத்த பகுதியைத் தொடங்கிவிடுவேன்.